பலாப் பலகையை எந்தப் பக்கத்தால் குடையிறது?

எங்களிட்ட இருந்தது ரெண்டு பலாப் பலகை. ரெண்டு அங்குலத் தடிப்பு, ஏழு அங்குல அகலம், ரெண்டடிக்குக் கொஞ்சம் குறைவான நீளம். ரெண்டையும் பக்கத்துக்குப் பக்கம் வைத்து ஒட்டினால் ஒரு எலெக்ட்ரிக் கிட்டாருக்கு உடம்பு செய்யலாம். ஒரு உடம்பு மட்டும்தான். பிழைத்துப் போனால் அந்த மரத்தில் இன்னொரு துண்டு இல்லை. அதனால்தான் ஒரு சின்னக் கேள்விக்காக நாங்கள் நாலு பேரும் ரெண்டு கிழமை சண்டை பிடித்தோம். மரத்தை முன்பக்கத்தால் குடையிறதா, பின்பக்கத்தால் குடையிறதா?

கிட்டார் தெரியாத ஆக்களுக்குக் கொஞ்சம் விளக்கம். தெரிந்த ஆக்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம், கோபம் இல்லை. நாங்கள் செய்ய நினைத்த வகை எலெக்ட்ரிக் கிட்டாரின் உடம்பு முழு மரம். சாதாரண கிட்டார் மாதிரி உள்ளே வெறுமையும் இல்லை, நடுவில் வட்ட வாயும் இல்லை. உருக்குக் கம்பி அதிர்வதைப் பிக்கப் பிடிக்கும். பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செப்புக் கம்பியும். அதிலிருந்து வயர் போய், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பொட், பிக்கப்பை மாற்றுகிற சுவிட்ச், கடைசியில் கேபிள் குத்துகிற ஜாக் என்று முடியும். இவ்வளவையும் வைக்க மரத்துக்குள் குழி வேணும். கம்பி ஓடுகிற முகத்தால் குடைந்தால் குழி எல்லாம் வெளியே தெரியும், அதனால் மேலே ஒரு பெரிய தட்டு போட்டு மூட வேண்டும். அந்தத் தட்டுக்குப் பெயர் பிக்கார்ட். பிக்கப், பொட், சுவிட்ச் எல்லாம் அந்தத் தட்டிலேயே தொங்கும். முதுகால் குடைந்தால் முகத்தில் பிக்கப்புக்கு ரெண்டு சதுர ஓட்டையும் பொட்டின் தண்டு வர ரெண்டு மூன்று சின்னத் துளையும் மட்டும். மிச்சமெல்லாம் பின்னால், ஒரு சின்ன மூடிக்குக் கீழே. நாங்கள் எங்களுக்குள் இதை மேல்குடைவு, பின்குடைவு என்று சொல்லப் பழகிவிட்டோம். இங்கேயும் அப்படியே சொல்கிறோம்.

முதல் நாள் வாக்கெடுப்பில் பின்குடைவுக்கு மூன்று, மேல்குடைவுக்கு ஒன்று.

காரணம் பலா. புதிசாகச் சீவின பலாவின் மஞ்சளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்கு மேல் வெள்ளை பிளாஸ்டிக் தட்டு ஒன்றைப் போட்டு மூட மனம் வராது. வருசம் போகப் போக அது தேன் நிறத்துக்கு இறங்கி, பிறகு பழைய கதிரைகளின் கபில நிறத்துக்கு வரும். இந்த மரம் எங்களில் ஒருத்தனின் அம்மம்மாவின் வளவில் நின்றது. 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்பில் தென்னையையும் வீட்டுக் கூரையையும் ஒரே இரவில் கொண்டுபோனபோது அது விழவில்லை. அம்மம்மா ஆரிட்டயும் அந்த மரத்தைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட்டால் அங்கேயிருந்துதான் தொடங்குவா. கடைசியில் வேர் அழுகி வீட்டுப் பக்கம் சரிந்தபோதுதான் தறித்தார்கள். பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் நினைச்ச மாதிரித் தறிக்க இலங்கையில் சட்டம் விடாது, 1951 இல் இருந்து அப்படி. அனுமதி எடுத்து, தறித்து, பலகையாக்கி, கட்டில் செய்ய என்று பரணில் ஏற்றினார்கள். கட்டில் செய்ய ஒருவரும் இல்லாமல் பலகை அங்கேயே காய்ந்தது. எங்களுக்கு அது நல்ல காலம். பச்சை மரத்தில் கிட்டார் செய்தால் ஒரு மாரிக்குள் வளைந்து போகும்.

மேல்குடைவுக்கு விழுந்த ஒரு வாக்கு எங்களில் ஒருத்தியுடையது. அவளுக்குக் காரணம் இருந்தது. எங்களிட்ட முதலில் இருந்த கிட்டார் கறுப்பு நிறம், பழசாக வாங்கினது, பின்குடைவு. ஒரு கலைநிகழ்ச்சிக்கு இருபது நிமிசம் இருக்கும்போது அதில் சத்தம் நின்றது. மேடைக்குப் பின்னால் போன் வெளிச்சத்தில் முதுகு மூடியைக் கழற்றினோம். பொட் நல்லா இருந்தது, ஜாக் நல்லா இருந்தது. பிக்கப்பில் இருந்து வருகிற வயர்தான் அறுந்திருந்தது. அறுந்த இடம் மரத்துக்குள், பிக்கப் குழிக்கும் பொட் குழிக்கும் நடுவில் துளைத்த சுரங்கத்துக்குள்ளே. கம்பி எல்லாம் கழற்றி, பிக்கப்பை மேலே தூக்கி, புது வயரை அந்தப் பென்சில் அளவுத் துளைக்குள்ளால் மீன் பிடிக்கிற மாதிரி இழுத்தெடுத்து ஈயம் வைக்க வேணும். இருபது நிமிசத்தில் நடக்கிற வேலையில்லை. அன்றைக்கு அவள் கிட்டார் இல்லாமல் பாடினாள். "கிட்டார் வடிவா இருக்கலாம், ஆனா அது எனக்குத் திறக்கோணும்" எண்டு ரெண்டு கிழமையும் அவள் ஒரே வசனத்தைத்தான் சொன்னாள்.

வாதத்தில் வெல்லுறதுக்காக நாங்கள் கொஞ்சம் வரலாறு தேடினோம். தேடினது எங்களுக்கே எதிராக வந்தது.

மேல்குடைவை உலகத்துக்குப் பழக்கினவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. அவர் ரேடியோ திருத்துகிறவர். 1938 இல் கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ திருத்துகிற கடை போட்டவர். வாசிக்கிற ஆக்கள் திருத்தக் கொண்டுவந்த சாமான்களைப் பார்த்துப் பார்த்துத்தான் கிட்டார் செய்ய இறங்கினார். கழுத்தை ஒட்டாமல் நாலு ஆணியால் பூட்டினார், கழுத்து பழுதானால் கழற்றி வேறொன்று போடலாம். 1954 இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று பிக்கப்பையும் பொட்டையும் சுவிட்சையும் ஒரே தட்டில் ஏற்றினார். தட்டைத் தனியாக மேசையில் வைத்து வயர் எல்லாம் ஈயம் வைத்து முடித்து, பிறகு மரத்தில் மூடினால் சரி. ரேடியோவின் அடித்தட்டு மாதிரியே. ஆரம்பத்தில் அந்தத் தட்டுக்கு எட்டு ஆணி, 1959 க்குப் பிறகு பதினொன்று.

பின்குடைவுக்குப் பெரிய உதாரணம் கிப்சனின் லெஸ் பால், 1952. கிப்சன் 1902 இல் இருந்து மண்டலினும் கிட்டாரும் செய்து வந்த கொம்பனி. மரத்தின் முகத்தை வளைத்துச் செதுக்கத் தெரிந்த ஆக்கள் அங்கே வேலை செய்தார்கள். மகோகனி மரத்துக்கு மேல் மேப்பிள் மரத்தை ஒட்டி, முகத்தை வயலின் மாதிரி வளைத்து எடுத்தார்கள். அப்படியான முகத்தில் பெரிய குழி வெட்ட ஆருக்கு மனம் வரும்? குழி முதுகுக்குப் போனது. ஆனால் இதில் ஒரு பகிடி இருக்கிறது. முகத்தை அவ்வளவு பாதுகாத்தவர்கள் முதல் ஆறு வருசமும் அதற்கு மேல் தங்க நிறப் பெயின்ட் அடித்துத்தான் விற்றார்கள். மேப்பிளின் வரி தெரிகிற மாதிரி நிறம் மாறினது 1958 இல்.

சத்தத்தில் வித்தியாசம் வரும் எண்டு சொல்லுற ஆக்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு அது பெரிய விசயமாகப் படவில்லை. முன்னாலோ பின்னாலோ எடுக்கிற மரம் கிட்டத்தட்ட ஒரே அளவு, கம்பிக்குக் கீழே நிற்கிற மரமும் அதே மரம். பிக்கப்பை மாற்றினால் கேட்கிற வித்தியாசம் குடைகிற பக்கத்தை மாற்றினால் எங்கட காதுக்குக் கேட்காது.

எங்கட பக்கத்துக்குக் கொஞ்சம் வருவோம். காரைதீவு மண்டூரில் இருந்து தூரம் இல்லை. அங்கே 1892 இல் பிறந்த விபுலானந்த அடிகள் பழந்தமிழரின் யாழ் எப்படி இருந்திருக்கும் என்று வருசக் கணக்காக ஆராய்ந்து, 1947 இல் யாழ் நூலை வெளியிட்டார். அதே வருசம் காலமானார். யாழுக்குப் பத்தர் என்று ஒரு உறுப்பு. தோணி மாதிரி மேலால் குடைந்து, வாயைத் தோலால் போர்த்து மூடுவது. வீணையும் அப்படித்தான். பலாக் கட்டையை மேலால் குடைந்து குடம் எடுத்து, மேலே பலகை வைத்து மூடுவார்கள். அப்ப எங்கட ஆக்கள் காலங்காலமா மேல்குடைவுதானே எண்டு அவள் சொன்னாள். அது சத்தத்துக்காகக் குடையிறது, இது வயருக்காகக் குடையிறது, ரெண்டையும் ஒண்டாக்காதே எண்டு நாங்கள் சொன்னோம். இன்றைக்கும் நாங்கள் சொன்னதுதான் சரி. ஆனால் அந்த நேரம் அது வாயடைக்கிற அடியாகத்தான் விழுந்தது.

வேலை நடந்தது ஓடாவி மாமாவின் கொட்டிலில். எங்களுக்கு அவர் மாமா முறை இல்லை, ஊரே அப்படித்தான் கூப்பிடும். அவர் தொழில் பழகினது மட்டக்களப்பு டவுனில் ஒரு பறங்கி ஓடாவியிடம். மட்டக்களப்பில் போர்த்துக்கேயப் பறங்கியர் என்றால் தச்சு வேலைக்கும் இயந்திர வேலைக்கும் பேர் போனவர்கள், வயலினுக்கும் கபிறிஞ்ஞா ஆட்டத்துக்கும் கூட. தன்ர குரு பகலில் அலுமாரி செய்து பின்னேரம் வயலின் வாசிப்பார் எண்டு மாமா சொல்லுவார். எலெக்ட்ரிக் கிட்டாரை அவர் கையால் தொட்டது எங்களால்தான். ஆனால் மரம் என்று வந்தால் எங்கட யூடியூப் படிப்பு அவரிடம் நாலு நிமிசம் நிற்காது.

"பின்னால குடைஞ்சா முன்னால எவ்வளவு மரம் மிஞ்சும்?" எண்டு கேட்டார்.

கணக்குச் சொன்னோம். உடம்பின் தடிப்பு 44 மில்லிமீற்றர். பொட்டின் மரை கட்டையானது, பத்து மில்லிமீற்றருக்கும் குறைவு. அது மரத்தைத் தாண்டி வெளியே வந்து நட்டு ஏறவேணும் என்றால் முகத்தில் ஐந்து, மிஞ்சினால் ஆறு மில்லிமீற்றர் மரம்தான் விடலாம்.

"அஞ்சா? அது பலகை இல்ல மனே, அப்பளம்."

கழிவு மகோகனித் துண்டில் செய்து பார்க்கச் சொன்னார். ரவுட்டர் மெஷினை இரவல் வாங்கி, பின்னால் முப்பது மில்லிமீற்றர் வரைக்கும் ஒழுங்காகத்தான் இறங்கினோம். பிறகு ஆழத்தைப் பிடித்து வைக்கிற திருகு அதிர்வில் இளகினது எங்களுக்குத் தெரியவில்லை. சத்தம் மாறினது. தூக்கிப் பார்த்தால் முகத்தில் பத்து ரூபாக் குத்தி அளவுக்கு ஒரு யன்னல். மாமா அதுக்குள்ளால் எங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கூட நோகினது. மேல்குடைவில் இந்தப் பிழை வந்தால் குழி கொஞ்சம் ஆழமாகும், அவ்வளவுதான். தட்டு மூடிவிடும்.

சுரங்கம் இன்னொரு தலையிடி. பின்குடைவுக்கு பிக்கப் குழியில் இருந்து பொட் குழிக்குச் சரிவாகத் துளைக்க நீளமான ட்ரில் பிட் வேணும். களுவாஞ்சிக்குடியில் கிடைத்தது நீளம் காணாது. மண்டூர் ஆக்களுக்கு ஒரு சாமான் வாங்குறதெண்டால் பாதை ஏறவேணும். வெளியூர் ஆக்கள் குழம்பக்கூடாது, பாதை என்று நாங்கள் சொல்வது வாவியில் குருமண்வெளிக்குப் போகிற மிதவையை. மோட்டார் சைக்கிளும் ஆளும் ஆடும் ஒன்றாகக் கடக்கிறது. ஒரு பொட் பிழைத்தாலும் ஒரு ஜாக் பிழைத்தாலும் எங்களுக்கு ஒரு நாள். அதோட இது வாவிக் காத்து. மாரிக்கு பொட்டுக்குள் ஈரம் இறங்கி கறகற எண்டு கத்தும், ஜாக் களிம்பு பிடிக்கும். எங்கட கிட்டாரை வருசத்தில் ரெண்டு மூன்று தரமாவது திறக்கத்தான் வேணும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டும் வாக்கு மூன்றுக்கு ஒன்றாகவே நின்றது. வடிவு அப்படிப்பட்ட சாமான்.

பலகையை ஒட்டிக் காய்ந்த பிறகு முகத்தைச் சீவத் தொடங்கினோம். மாமாதான் சீவினார். எங்களுக்கு அந்த முகத்தில் கை வைக்கப் பயம். சுருள் சுருளாக மஞ்சள் விழுந்துகொண்டிருக்க, சீவுளி டக்கெண்டு நின்றது. மாமா அலகைத் திருப்பிப் பார்த்தார். நடுவில் ஒரு பல் போயிருந்தது.

மரத்தில் அந்த இடம் கறுத்திருந்தது. ஒரு விரல் நீளத்துக்கு, வரியோடு வரியாக ஊறின மை மாதிரி. மரத்துக்குள் இரும்பு கிடந்தால் அப்படித்தான் கறுக்கும் எண்டார். உளியின் நுனியால் சுரண்டினார். உள்ளே சுண்டுவிரல் நகமளவு ஒரு துண்டு இரும்பு, ஓரமெல்லாம் கிழிந்தது. எங்களில் ஒருத்தருக்கும் என்ன எண்டு கேட்கத் தேவைப்படவில்லை. மாமா மட்டும், "மரக்காலைக்காரன்ர வாளுக்குத் தப்பியிருக்கு" எண்டார். இங்கத்தைய மரக்காலைகளில் வளவு மரம் கொண்டுபோனால் முதலில் காந்தம் பிடித்துப் பார்க்கிற காலம் ஒன்று இருந்தது. ஷெல் துண்டு வாளில் பட்டால் வாளும் போகும், நிற்கிறவனின் கண்ணும் போகும்.

அந்தக் கறுப்பு இருந்தது பிரிட்ஜுக்குப் பக்கத்தில், வலது கை வந்து தங்குகிற இடம். பலகையைப் பிரட்டி மற்றப் பக்கத்தை முகமாக்கலாமா எண்டு பார்த்தோம். அந்தப் பக்கம் மரத்தின் வெள்ளை, வண்டு அரித்த துளைகளோடு. முதுகாக இருக்கத்தான் அது சரி. ஃபெண்டரின் டெலிகாஸ்டர் மாதிரி ஒரு ஒடுங்கின தகடு மட்டும் முன்னால் போடுகிற நடுவழியும் இருக்கிறது. வரைந்து பார்த்தால் தகடு கறுப்புக்கு ஒரு அங்குலம் தள்ளிப் போனது. கடைசியில் தெரிவு ரெண்டாகச் சுருங்கினது. பின்குடைவு என்றால் அந்தக் கறுப்பும், இரும்பு எடுத்த ஓட்டையும் முகத்தில் நிற்கும். மேல்குடைவு என்றால் பிக்கார்ட் மூடும்.

இதுவரைக்கும் இருந்தது கிட்டார்ச் சண்டை. இதற்குப் பிறகு நடந்தது வேறு சண்டை.

எங்களில் ஒருத்தன் துள்ளி எழும்பினான். இதை மூடவே கூடாது எண்டான். பிரையன் மே தன்ர தகப்பனோட சேர்ந்து 1963 இல் செய்யத் தொடங்கின கிட்டாரின் கழுத்து, ஒரு பழைய வீட்டின் கணப்பு அடுப்பைச் சுற்றியிருந்த மகோகனி மரம். புழு அரித்த துளைகளை நெருப்புக் குச்சியால் அடைத்தார். தாயின் தையல் பெட்டியில் இருந்த முத்துச் சிப்பிப் பொத்தான்களை விரற்பலகையில் பதித்தார். அந்தக் கிட்டார்தான் குயீன் குழுவின் பெரும்பாலான பாட்டுகளை வாசித்தது. மரத்தின் கதை கிட்டாரின் கதை. எங்கட மரத்தின் கதை இது. இதைத் தெளிந்த வார்னிசுக்குக் கீழே வைப்போம், பார்க்கிறவன் கேட்கட்டும், நாங்கள் சொல்லுவோம். இது எங்கட வரலாறு.

உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் அது பிடித்திருந்தது. ஒரு படம் எடுத்துப் போட்டால் எத்தனை பேர் பார்ப்பார்கள் எண்டு மனசுக்குள் ஒரு கணக்கு ஓடினது. அதை இங்கே மறைக்கத் தேவையில்லை.

அவள்தான் கேட்டாள்: "உனக்கு வரலாறு. அம்மம்மாக்கு அது ஒரு நாள் பின்னேரம். அவட்ட கேட்டியா?"

கேட்கவில்லை. நாங்கள் நாலு பேரும் யுத்தம் முடிகிறபோது பள்ளிக்கூடம் போகத் தொடங்கின ஆக்கள். படுவான்கரையில் வளர்ந்தபடியால் எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு. தெரிந்தது பெரியாக்கள் பேசிக்கொண்டிருந்து, நாங்கள் வந்தவுடன் நிறுத்தின இடம் வரைக்கும்தான்.

அடுத்த நாள் பலகையைத் தூக்கிக்கொண்டு அம்மம்மாவிட்ட போனோம். அவ திண்ணையில் இருந்து மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தா. பலகையைப் பார்த்ததும் சந்தோசப்பட்டா. கையால் தடவி, "நல்ல மரம். எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு நிண்ட மரம்" எண்டா. பிறகு விரல் கறுப்பில் வந்து நின்றது. இரும்புத் துண்டை ஒரு கடதாசியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தோம், அதையும் காட்டினோம். எந்த நாள், ஆர் அடிச்சது, அப்ப வீட்டில் ஆர் இருந்தது, ஒன்றும் சொல்லவில்லை. "தொண்ணூறு" எண்டு மட்டும் சொன்னா.

காட்ட வேணும் எண்டு சொன்னவனே மெதுவாகக் கேட்டான். "அம்மம்மா, இதை அப்பிடியே தெரியிற மாதிரி விடவா, மூடவா?"

"மூடிப் போடுங்க மனே. எனக்கு அதப் பாக்கத் தேவையில்ல." கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் துண்டக் கொண்டுபோய் எறிங்க. வளவுக்குள்ள எறியாதீங்க, புள்ளயள் வெறுங்காலோட திரியிற இடம்" எண்டா. மறுகா கிழங்கு சீவத் தொடங்கினா.

அவ்வளவுதான். எங்கட பெரிய விவாதம் கிழங்குத் தோலோடு முடிந்தது. வரும்போது பாதையில் ஏறவேண்டிய வேலை ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் ஏறி, நடு ஆற்றில் வைத்துக் கடதாசியை விரித்தோம். விழுந்த சத்தம் எஞ்சின் இரைச்சலில் கேட்கவில்லை.

பிறகு மேல்குடைவுதான். வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம், செய்ய நினைக்கிற ஆக்களுக்கு உதவும். தட்டின் வடிவத்தை முதலில் மட்டையில் வெட்டிப் பலகையில் வைத்துப் பாருங்கள், குழியின் ஓரத்துக்கும் தட்டின் ஓரத்துக்கும் நடுவில் ஆணி கடிக்க மரம் வேணும். நாங்கள் ஒரு இடத்தில் அதை மறந்து, ஆணி காற்றில் நின்றது. பிக்கார்டுக்கென்று விற்கிற பிளாஸ்டிக் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பெயர்ப்பலகை செய்கிற கடையில் மிஞ்சின மூன்று மில்லிமீற்றர் வெள்ளை அக்ரிலிக் துண்டு வாங்கினோம். அக்ரிலிக்கில் வேகமாகத் துளைத்தால் வெடிக்கும். முதல் தட்டு அப்படித்தான் போனது. மேலே டேப் ஒட்டி, மெதுவாக, கீழே மரத்துண்டு வைத்துத் துளைத்தால் பிழைக்காது. அசையாத பிரிட்ஜ் போட்டபடியால் முதுகில் ஸ்பிரிங் குழி வெட்டத் தேவைப்படவில்லை. பிரிட்ஜுக்குக் கீழே இருந்து பொட்டுக்கு ஒரு எர்த் வயர் கட்டாயம் இழுங்கள். அதை மறந்தால் கம்பியில் கை வைத்தாலும் இரைச்சல் குறையாது. குழிக்குள் செப்புத் தாள் ஒட்டினோம், முழுக்கக் காணாமல் போனதால் கறுப்பு இருந்த பக்கச் சுவரில் மட்டும் ஒட்டவில்லை. உடம்பு மட்டும் ரெண்டரைக் கிலோ. பலா பாரம்தான், தோள் நோகும், நல்ல அகலமான பட்டி வாங்குங்கள்.

இரும்பு எடுத்த ஓட்டை குழியோடு போய்விட்டது. கறுப்பின் பாதியையும் ரவுட்டர் தின்றது. மிச்சப் பாதி குழியின் ஓரத்தில், தட்டுக்குக் கீழே நிற்கிறது.

முதல் தரம் மண்டூரில் ஒரு பிறந்தநாள் வீட்டில் வாசித்தோம். ஏ. ஈ. மனோகரனின் சுராங்கனி கேட்டார்கள், வேறு என்ன கேட்பார்கள். ஓடாவி மாமா பின்னுக்கு நின்று தட்டை விட்டு மரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மம்மா வரவில்லை, அவவுக்கு இரவில் வெளிக்கிட ஏலாது. அடுத்த நாள் கொண்டுபோய்க் காட்டினோம். சத்தம் வருமா எண்டு கேட்டா. ஸ்பீக்கர் இல்லாமல் வராது எண்டோம். தட்டைத் தட்டிப் பார்த்தா, "இது கழுவலாம் என்ன" எண்டா. பலாவின் மஞ்சள் தட்டைச் சுற்றி நல்லா இருக்கிறது. பின்குடைவாக இருந்தால் இன்னும் நல்லா இருந்திருக்கும். அதை இப்பவும் நாங்கள் ஒத்துக்கொள்கிறோம்.

போன மார்கழியில் எதிர்பார்த்த மாதிரியே வொலியூம் பொட் கறகற எண்டது. ஓடாவி மாமாவின் கொட்டிலுக்கு மேலே மழை. அவள் ஒரு ஸ்குரூ டிரைவரோடு இருந்து ஒன்பது ஆணியையும் கழற்றி, தட்டை அப்படியே புத்தகம் திறக்கிற மாதிரித் தூக்கிப் பிரட்டி வைத்தாள். கம்பியை இளக்கினதோடு சரி. பொட்டுக்குள் ரெண்டு தரம் கிளீனர் அடித்து, நொப்பை இடமும் வலமுமாகச் சுற்றினாள். பத்து நிமிசம் இருக்காது. நாங்கள் மூன்று பேரும் குழியின் ஓரத்தில் இருந்த கறுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தட்டைத் திரும்ப வைக்கும்போது ஒரு ஆணி கை தவறி விழுந்தது, சீவல் குப்பைக்குள் அதைத் தேடி எடுக்கத்தான் நேரம் போனது.